யோபுவின் கதையும் மணியடிச்சான் பாறையும்

வரலாறு என்பது ஏட்டில் இருப்பது, கதை என்பது வாயில் இருப்பது என்று பிரித்துப் பேச நாம் பழகிவிட்டோம். ஏடு மெய்யானது, வாய்ச்சொல் ஐயத்துக்குரியது என்ற எண்ணமும் அதனோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் குமரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றுக்குச் சென்று, அங்குள்ள முதிய கத்தோலிக்கர் ஒருவரிடம், "உங்கள் முன்னோர் இந்த நம்பிக்கைக்கு எப்படி வந்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் ஏட்டை எடுத்துக் காட்டமாட்டார். ஒரு பாறையைச் சொல்வார்; ஒரு வேப்பமரம் நின்ற இடத்தைச் சொல்வார்; பிறகு ஒரு கதையைத் தொடங்குவார். அக்கதை நட்டாலத்து நீலகண்ட பிள்ளையின் கதை. 1752-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டு, 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் உரோமையில் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயத்தின் கதை.

இவ்விரு நாள்களுக்கும் இடையே 270 ஆண்டுகள் கிடக்கின்றன. அரசுகள் மாறின, மறைத்தளங்களும் மறைமாவட்டங்களும் பிரிந்தன, இணைந்தன, எல்லைக்கோடுகள் இடம் பெயர்ந்தன. இவ்வளவுக்கும் ஊடே இந்த மனிதரின் நினைவு அழியாமல் இருந்தது எதனால்? அதிகாரப்பூர்வமாக வணங்கப்படும் நிலை 2012-ஆம் ஆண்டில்தான் அவருக்குக் கிடைத்தது. அதுவரை அவரைக் காத்தவர்கள் கதை சொன்ன பொதுநிலையினரே. அவர்கள் எப்படிச் சொன்னார்கள், எதைக் காத்தார்கள், எதை நழுவவிட்டார்கள் என்று எண்ணிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

கோட்டையில் சொல்லப்பட்ட கதை

தேவசகாயத்தின் வரலாறே ஒரு கதையில்தான் தொடங்குகிறது. 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனைப் பணியில் பொறுப்புள்ள இடத்தில் இருந்தவர். 1741-இல் குளச்சல் போரில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை மன்னரிடம் தோற்றது. சிறைபிடிக்கப்பட்டவர்களுள் ஒருவர் எஸ்தாக்கியுஸ் டிலனாய். மன்னர் அவரைக் கொல்லவில்லை. தம் படைக்குப் பயிற்சியளிக்கவும் கோட்டைகளைக் கட்டவும் அமர்த்தினார். உதயகிரிக் கோட்டைப் பணிகளின்போதுதான் நீலகண்டனும் டிலனாயும் பழகினர்.

அந்நாள்களில் நீலகண்டனின் குடும்பத்தில் அடுத்தடுத்துத் துன்பம். கால்நடைகள் மாண்டன, விளைச்சல் கெட்டது, சொத்து குறைந்தது. முகம் வாடியிருந்த நண்பரிடம் காரணம் கேட்ட டிலனாய், விவிலியத்திலிருந்து யோபுவின் கதையைச் சொன்னார் என்பது மரபு.

இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். சொன்னவர் யார்? தாய்நாட்டையும் படையையும் பதவியையும் இழந்து, தம்மைத் தோற்கடித்த மன்னருக்கே பணிபுரிந்த போர்க்கைதி. கேட்டவர் யார்? ஆடு மாடுகளையும் மன அமைதியையும் இழந்த அரசு அலுவலர். சொல்லப்பட்டது யாருடைய கதை? ஒரே நாளில் மக்களையும் மந்தைகளையும் இழந்து சாம்பலில் அமர்ந்த ஒருவரின் கதை. மூன்று இழப்புகள் அங்கே ஒன்றையொன்று சந்தித்தன. டிலனாய் தம் துயரத்தைத் தம் பெயரால் சொல்லியிருந்தால் அது புலம்பலாகப் போயிருக்கலாம். நீலகண்டனின் துயரத்துக்கு விளக்கம் கூற முற்பட்டிருந்தால் அது அறிவுரையாகப் போயிருக்கும். பழைய கதை ஒன்று இருவருக்கும் பொதுவான இடமாயிற்று.

யோபு நூலை வாசித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். எலிப்பாசு, பில்தாது, சோப்பார் என்னும் மூன்று நண்பர்கள் யோபுவுக்கு ஆறுதல் கூற வருகிறார்கள். ஏழு நாள் அவர்கள் வாய் திறவாது உடன் அமர்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். 'உன் துன்பத்துக்குக் காரணம் இது' என்று விளக்கத் தொடங்கியபோதுதான் கெட்டார்கள். இறுதியில் ஆண்டவர் அவர்களைக் கடிந்துகொள்கிறார். துன்பம் ஏன் வந்தது என்ற கேள்விக்கு அந்நூல் நேரான விடை எதுவும் தரவில்லை. துன்புற்றவன் கடவுளோடு பேசிக்கொண்டே இருக்கலாம் என்பதையே காட்டுகிறது. இதைச் சூத்திரமாகச் சொல்லிவிட முடியாது. கதையாகத்தான் சொல்ல முடியும். உதயகிரியில் நிகழ்ந்தது அதுவே.

1745-இல் நீலகண்டன் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் திருமுழுக்குப் பெற்றார். மக்கள் அந்தக் குருவைப் பரஞ்சோதிநாதர் என்றே அழைத்தனர். புதியவருக்கு இடப்பட்ட பெயர் லாசர். 'கடவுள் துணை நின்றார்' என்னும் பொருள் தரும் எபிரேயப் பெயரின் வடிவம் அது. ஆனால் மக்கள் நாவில் நிலைத்தது அதன் பெயர்ப்பாகிய தேவசகாயம். கடற்கரையில் இரண்டு நூற்றாண்டுகளாகப் போர்த்துகீசியப் பெயர்கள் வழங்கிவந்த காலத்தில், பொருளை இம்மண்ணின் சொல்லில் வைத்த பெயர் இது. அவருடைய துணைவி பார்கவி அம்மாளும் திருமுழுக்குப் பெற்றார். தெரசா என்ற பெயரை மக்கள் ஞானப்பூ என்றாக்கிக்கொண்டார்கள். ஒரு பெயரை மொழிபெயர்ப்பதும் ஒரு கதையைச் சொந்தமாக்கிக்கொள்வதன் முதற்படிதானே!

பாறைகள் பேசுகின்றன

1749-இல் தேவசகாயம் கைதுசெய்யப்பட்டார். மூன்றாண்டுகள் அவரை ஊர் ஊராக இழுத்துச் சென்றனர். எருமையின்மீது ஏற்றி, எருக்கம்பூ மாலையிட்டு, மக்கள் நகைக்கும்படி ஊர்வலம் விட்டனர், அடித்தனர், புண்களில் மிளகாய் தேய்த்தனர். புலியூர்க்குறிச்சியில் நீர் வேட்கையால் வாடியவர், மன்றாடி முட்டியால் பாறையை இடிக்க, நீர் சுரந்தது என்பது மக்கள் கூறும் செய்தி. அந்த இடத்துக்கு இன்றும் முட்டிடிச்சான் பாறை என்று பெயர். பெருவிளையில் அவரை வேப்பமரத்தில் கட்டிவைத்திருந்தார்கள். கடைசியில் காற்றாடி மலையில் சுட்டார்கள். அங்கே தட்டினால் மணிபோல ஒலிக்கும் பாறை மணியடிச்சான் பாறை எனப்படுகிறது.

இந்தப் பெயர்களை உற்றுக் கேளுங்கள். முட்டிடிச்சான், மணியடிச்சான். எந்தக் குருவும் பேரகராதியைப் புரட்டி இப்பெயர்களை வைத்திருக்க முடியாது. ஏட்டில் எழுதுகிறவர் 'இடித்தான்' என்றும் 'அடித்தான்' என்றும் எழுதியிருப்பார். 'இடிச்சான்', 'அடிச்சான்' என்பவை வயலிலும் சந்தையிலும் பேசுகிறவர்களின் வினைமுற்றுகள். வழியில் போகும் சிறுவன், "இது ஏன் முட்டிடிச்சான் பாறை?" என்று கேட்காமல் இருக்க மாட்டான். கேட்டால் யாராவது ஒருவர் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். ஆக, ஒவ்வொரு தலைமுறையிலும் கேள்வியைத் தானே எழுப்பிவிடும்படி கதையை இடப்பெயருக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள் நம் முன்னோர்.

பழைய இசுரயேலரின் வழக்கமும் இதுதான். பாஸ்கா இரவில் பிள்ளை கேள்வி கேட்க வேண்டும், தந்தை விடுதலைக் கதையைச் சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்கு விதி. யோர்தானைக் கடந்தபோது அவர்கள் 12 கற்களை நட்டதும், பிற்காலத்துப் பிள்ளைகள் அவற்றைப் பார்த்துக் கேட்கட்டும் என்பதற்காகவே. கல்லும் கேள்வியும் கதையும் சேர்ந்துதான் ஓர் இனத்தை இனமாக வைத்திருக்கின்றன.

கொலையுண்டோரைப் பாடும் மண்

இக்கதை ஊன்றிய மண்ணும் சாதாரண மண் அன்று. தென் திருவிதாங்கூரிலும் நெல்லைச் சீமையிலும் நெடுங்காலமாக ஒரு வழக்கம் உண்டு. அநியாயமாக உயிரிழந்தவரை மக்கள் மறப்பதில்லை, பாடுகிறார்கள். வில்லும் குடமும் உடுக்கையும் தாளமும் சேர, முன்பாட்டுக்காரர் சொல்லப் பின்பாட்டுக்காரர் ஏற்றுப் பாட, இரவு முழுவதும் அவர் கதை நடக்கும். முத்துப்பட்டன் கதை அப்படிப்பட்டது. கணியாகுளத்துப் போரில் மாண்ட இரவிக்குட்டிப் பிள்ளையின் கதையும் அப்படிப்பட்டது.

இவற்றுள் நம் பொருளுக்கு மிக நெருங்கியது தம்பிமார் கதை. மார்த்தாண்ட வர்மா அரியணையை உறுதிப்படுத்திக்கொள்ளும் முயற்சியில், அதற்கு உரிமை கோரிய பப்புத் தம்பியும் இராமன் தம்பியும் கொல்லப்பட்டனர். அரசு வரலாறு அவர்களைக் கலகக்காரர் என்று குறித்தது. மக்கள் பாடலோ அவர்களுக்காகக் கண்ணீர் வடித்தது. தேவசகாயத்தின் மறைசாட்சியமும் அதே மன்னரின் ஆட்சிக் காலத்தில், அதே நிலப்பரப்பில் நிகழ்ந்தது. தம்பிமாரைப் பாடிய மண்ணின் காதுகள்தாம் தேவசகாயத்தின் சாவையும் கேட்டன.

அதிகாரத்தின் கையால் வீழ்ந்தவனுக்கு நினைவில் இடம் கொடுப்பது என்ற வழக்கம் கிறிஸ்தவம் இங்கு வருமுன்பே இம்மக்களிடம் இருந்தது. மறைசாட்சி என்ற கருத்தை அவர்கள் அயல்நாட்டுச் சரக்காக உணராமல் தம் வீட்டுப் பொருளாக ஏற்றுக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் எண்ணுகிறேன். ஆனால் ஒரு வேறுபாடும் உண்டு. கொலையுண்டவர் சினங்கொண்ட தெய்வமாகி ஊரை அச்சுறுத்துவதும், படையல் பெற்றுத் தணிவதும் அக்கதைகள் பலவற்றின் முடிவு. தேவசகாயத்தின் கதையில் பழிவாங்கல் இல்லை. கொன்றவர்களுக்காகவும் வேண்டிய ஒருவராகவே அவரை மக்கள் சொல்லிவந்தனர். பழைய பாத்திரத்தில் புதிய நீர் ஊற்றப்பட்டது; பாத்திரம் உடையவில்லை, நீரும் கெடவில்லை.

இதற்கு முன்னோடிகளும் இருந்தார்கள். வீரமாமுனிவர் புனித சூசையப்பருக்குத் தேம்பாவணி என்னும் காப்பியத்தைப் பாடியவர் என்பதை நாம் அறிவோம். அவரே கித்தேரி அம்மாளுக்கு அம்மானையும் பாடினார். கற்றவருக்குக் காப்பியம், கல்லாதவர் செவிக்கு அம்மானை என்ற தெளிவு அவரிடம் இருந்தது. இலங்கையில் யாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார் வியாகுல பிரசங்கத்தை எழுதி, ஆண்டவரின் பாடுகளை ஊர் கூடி ஒப்பாரிபோல் கேட்டழும் வாசகமாகத் தந்தார். இவ்வாறு மக்களின் பாட்டுக்கும் புலம்பலுக்கும் வழிபாட்டின் வாசலில் இடம் கிடைத்திருந்த காலத்தில்தான் தேவசகாயம் வாழ்ந்து மடிந்தார்.

கடல் கடந்த கூத்து

தேவசகாயம் கதை நாடகமாகவும் கூத்தாகவும் வளர்ந்து, கடலைக் கடந்து யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க ஊர்களுக்கும் சென்றது. அண்ணாவியார் மாதக்கணக்கில் பயிற்றுவிக்க, மீனவரும் உழவரும் பகல் வேலை முடிந்து இரவில் ஒத்திகை பார்த்து, கோவில் திருவிழாவையொட்டி விடிய விடிய ஆடும் நாட்டுக்கூத்து மரபில் தேவசகாயம் பிள்ளை கூத்துக்குத் தனியிடம் உண்டு. கேரளத்து எல்லையில் வாழ்ந்த ஓர் அரண்மனை அலுவலருக்கும் யாழ்ப்பாணக் கரையோரத்து மீனவருக்கும் என்ன தொடர்பு?

தொடர்பு அனுபவத்தில் இருக்கிறது. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணம் டச்சுக்காரரின் ஆட்சியில் இருந்தது. கத்தோலிக்கக் குருக்கள் துரத்தப்பட்டனர், வழிபாடு தடைசெய்யப்பட்டது. 1687-இல் அங்கு வந்த யோசேப்பு வாஸ் அடிகளார் மறைவாகவே பணிபுரிய வேண்டியிருந்தது. விசாரணையும் விலங்கும் சிறையும் அம்மக்களின் பாட்டன் பாட்டியர் கண்டவை. கூத்து மேடையில் தேவசகாயம் விலங்கோடு நிற்கும்போது, பார்ப்பவர்கள் தங்கள் குடும்பத்துப் பழைய நினைவொன்றையும் உடன் பார்த்தார்கள். இதில் வியப்பான முரண் ஒன்றும் உண்டு. எந்த டச்சுக் கம்பெனி யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கரை ஒடுக்கியதோ, அதே கம்பெனியின் படையில் வந்த டிலனாய்தான் இக்கதையில் நீலகண்டனுக்கு விவிலியக் கதையைச் சொன்னவர்! மனிதரை அவர் அணிந்த சீருடையால் மட்டும் அளக்கக் கூடாது என்பதைக் கூத்துப் பார்த்த மக்கள் யாரும் போதிக்காமலே கற்றிருப்பார்கள்.

ஒரே கதை இரு கரைகளிலும் சொல்லப்பட்டாலும் கேட்டவரின் வாழ்வு அதற்குத் தன் நிறத்தைக் கொடுத்தது. கதையின் வலிமை இதில்தான் இருக்கிறது. அது பிறருடைய வாழ்வைச் சொல்லிக்கொண்டே நம்முடையதை நமக்குக் காட்டுகிறது.

ஏடு சொல்வதும் கதை சொல்வதும்

ஏட்டுச் சான்றே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். தேவசகாயம் இறந்த நான்காண்டுகளில், 1756-இல், கொச்சி ஆயர் உரோமைக்கு அனுப்பிய அறிக்கையில் இம்மறைசாட்சியின் செய்தி இடம்பெற்றுள்ளது. எலும்புகள் திரட்டப்பட்டுக் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டன. அக்கல்லறை இன்றும் அங்கே உள்ளது. கதை சொன்ன டிலனாயும் 1777-இல் இறந்து, உதயகிரிக் கோட்டைக்குள் உள்ள சிற்றாலயத்தில் துயில்கிறார். அவர் கல்லறையில் இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

அதே வேளையில், தேவசகாயம் சமயத்துக்காகத் தண்டிக்கப்பட்டார் என்பதற்கு அரசுப் பதிவுகளில் ஆதாரம் இல்லை என்று எதிர்வாதம் செய்த வரலாற்றறிஞர்களும் உண்டு. அவர்களை நாம் பகைவராகக் கருத வேண்டியதில்லை. கேள்வி கேட்பது அவர்களின் கடமை. ஆனால் நாமும் ஒன்று கேட்கலாம். தண்டித்த அரசின் ஏடு, தண்டிக்கப்பட்டவன் நெஞ்சில் இருந்ததை எழுதுமா? தம்பிமாரைப் பற்றி அரண்மனை எழுதியதும் மக்கள் பாடியதும் ஒன்றாக இருந்தனவா? ஏடு பெரும்பாலும் ஆண்டையும் ஆணையையும் சொல்லும். கதை, அந்த ஆணை ஒருவனுடைய உடம்பின்மீது இறங்கியபோது எப்படி இருந்தது என்பதைச் சொல்லும். ஏடு இல்லாத கதை ஊதிப் பெருக்கக்கூடும். கதை இல்லாத ஏடு உயிரற்றுக் கிடக்கும். மறைசாட்சியத்தை ஆராய்ந்த திருச்சபையும் இரண்டையும் கேட்டது: ஆயரின் அறிக்கையையும் நோக்கியது, இடையறாது நீடித்த மக்கள் நினைவையும் மதித்தது. 1980-களில் இம்முயற்சிக்குப் புத்துயிர் ஊட்டியவர்கள் கோட்டாறு மறைமாவட்டத்துப் பொதுநிலையினர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

சொல்லாமல் விட்டவை

கதை எதையும் காக்கும் என்று புகழ்ந்துவிட்டு நிறுத்திவிடுவது நேர்மையாகாது. கதை சொல்பவர் எதைச் சொல்வது என்று தேர்ந்தெடுக்கிறார். அந்தத் தேர்வில் நம் குறைகளும் வெளிப்படுகின்றன.

பல்லாண்டுகளுக்கு முன் ஒரு பங்கில் தவக்கால வீட்டுச் சந்திப்பின்போது, முதிய தாய் ஒருவர் என்னிடம், "சாமி, எல்லாரும் அவரு பட்ட பாட்டையே சொல்றீங்க. அந்த ஞானப்பூ என்ன பாடு பட்டிருப்பா, யாராவது சொன்னீங்களா?" என்று கேட்டார். இளவயதில் கணவரை இழந்து, பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர் அவர். அவருடைய வாழ்வுதான் அந்தக் கேள்வியைக் கேட்டது.

ஞானப்பூவைப் பற்றி நமக்குத் தெரிந்தவை சிலவே. கணவர் கொல்லப்பட்டபின், சொந்த ஊரில் இருக்க இயலாத நிலையில், எல்லைக்கு அப்பால் வடக்கன்குளத்தில் வாழ்ந்தார். 1766-இல் அங்கேயே இறந்து அங்கேயே அடக்கமானார். பதினான்கு ஆண்டுகள்! உற்றார் உறவினரைப் பிரிந்து, அரண்மனை அலுவலரின் மனைவி என்ற நிலை போய், புதிய ஊரில் அவர் எப்படி அடுப்பு மூட்டினார், யாரிடம் பேசினார், இரவில் எதை நினைத்தார்? மூன்றாண்டுகள் துன்புற்றவரை விடிய விடிய ஆடிய நாம், பதினான்கு ஆண்டுகள் துன்புற்றவருக்கு எத்தனை நாழிகை ஒதுக்கியிருக்கிறோம்? நம் வீடுகளில் கதை சொல்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களின் கதையோ சொல்லப்படாமலே நின்றுவிடுகிறது.

இரண்டாவது குறை இன்னும் கசப்பானது. தேவசகாயம் சாதி வேற்றுமை பாராது எல்லாரும் சமம் என்று வற்புறுத்தியதும், அதனால் உயர்ந்தோர் எனப்பட்டவர்களின் வெறுப்புக்கு ஆளானதும் திருச்சபை ஏற்றுக்கொண்ட அவர் வரலாற்றிலேயே உள்ளன. நாயர் குலத்தில் பிறந்தவர், தாழ்த்தப்பட்டவர்களோடு அமர்ந்து உண்டதும் பழகியதும் அந்நாளில் சிறிய செயலல்ல. ஆனால் அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில் பிற்காலத்தில் என்ன நடந்தது? 1872-இல் கட்டப்பட்ட ஆலயம், சாதியினர் தனித்தனியே நிற்கும்படி இரு பிரிவுகளாக எழுந்தது. ஒரே பீடத்தை நோக்கி இரண்டு நீண்ட கூடங்கள். காற்சட்டையின் இரு கால்களைப்போல. பிரித்த சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. சுவரை மீட்கக் கோரி வழக்குத் தொடுத்தவர்களும் கத்தோலிக்கரே. சென்னை உயர்நீதிமன்றம் அக்கோரிக்கையை ஏற்கவில்லை.

அந்தச் சுவரின் இருபுறமும் நின்றவர்கள் தேவசகாயத்தின் கதையை அறியாதவர்களா? அறிந்தவர்களே. அவர்கள் எருமையையும் எருக்கம்பூ மாலையையும் பாறையையும் நினைவில் வைத்திருந்தார்கள். அவர் ஏன் எருமைமேல் ஏற்றப்பட்டார் என்பதன் ஒரு பாதியை வசதியாக மறந்தார்கள். கதையைக் கேட்டு அழுவது எளிது. கதை சுட்டும் சுவரை இடிப்பது கடினம்.

பெயரிலும் இச்சிக்கல் தொடர்ந்தது. நெடுங்காலமாக அவர் 'தேவசகாயம் பிள்ளை' என்றே வழங்கப்பட்டார். புனிதர் நிலைக்கு உயர்த்தும் வேளை நெருங்கியபோது, சாதியைச் சுட்டும் அச்சொல் வேண்டாம் என்று வேண்டுகோள் எழுந்தது. உரோமையும் அதை ஏற்றது. 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்டவர் தேவசகாயம் மட்டுமே. வரலாற்றுப் பெயரை மாற்றலாமா என்று சிலர் வருந்தினர். எனக்கோ அது மாற்றமாகத் தோன்றவில்லை. 1745-இல் வடக்கன்குளத்தில் அவருக்கு இடப்பட்ட பெயர் அதுதானே. 277 ஆண்டுகள் கழித்து நாம் அவருடைய திருமுழுக்குப் பெயருக்குத் திரும்பியிருக்கிறோம்.

நம் கையில் உள்ள கதை

ஆகவே கதை என்பது பழம்பொருள்போல் பெட்டியில் வைத்துக் காக்கும் ஒன்றன்று. ஒவ்வொரு தலைமுறையும் அதைத் தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லும்போது முன்னோர் விட்டதைச் சேர்க்கவும், முன்னோர் ஒளித்ததை வெளிக்கொணரவும் வேண்டும். பழைய கூத்தில் ஞானப்பூவின் வடக்கன்குள வாழ்வுக்கு ஒரு காட்சி சேர்க்கப்படுமானால், கூத்து கெட்டுவிடாது. மறைக்கல்வி வகுப்பில் பாறை நீர் சுரந்ததைச் சொல்லும் ஆசிரியர், யாரோடு அமர்ந்து உண்டதற்காக அவர் வெறுக்கப்பட்டார் என்பதையும் சேர்த்துச் சொன்னால், பிள்ளைகள் கதையை இன்னும் நன்றாகவே நினைவில் வைத்திருப்பார்கள்.

அன்பு வாசகர்களே, உங்கள் குடும்பத்திலும் ஒரு கதை இருக்கும். எந்தப் பாட்டனார் எந்த ஊரிலிருந்து, எந்தப் பஞ்சத்தில், எதைச் சுமந்துகொண்டு வந்தார். எந்தப் பாட்டி எந்தத் துயரத்தின்போது எந்தச் செபத்தைப் பற்றிக்கொண்டார் என்பவை எந்தத் திருமுழுக்குப் பதிவேட்டிலும் இல்லை. நான் பணியாற்றிய பங்குகளில் அப்பதிவேடுகளைப் பலமுறை புரட்டியிருக்கிறேன். பெயர், நாள், பெற்றோர், ஞானப்பெற்றோர், குருவின் கையொப்பம்: இவ்வளவுதான் அங்கே உண்டு. மற்றதெல்லாம் மூத்தோர் நினைவில் இருக்கிறது. அவர்களோடு கல்லறைக்கும் போய்விடுகிறது.

வரும் சனவரி 14-இல் தமிழ் வீடுகள் பலவற்றில் பொங்கலுக்கான ஆயத்தம் நடந்துகொண்டிருக்கும். அதே நாளில்தான் காற்றாடி மலையில் தேவசகாயம் உயிர் துறந்தார். அன்று மாலை வீட்டிலுள்ள மூத்தவரைக் கூடத்தில் அமர்த்தி, பிள்ளைகளைச் சுற்றி உட்காரச் செய்து, "உங்கள் கதையைச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். இடையில் விளக்கம் கூறாதீர்கள். யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் இருந்ததுபோல் பேசாமல் உடனிருங்கள். அவர் சொல்லி முடித்த பின், பாட்டியிடமும் கேட்க மறவாதீர்கள்.